பேட்டரி ஆராய்ச்சிக்கு அரசு கொடுக்கும் பணம் எந்த இடத்தில் நின்றுபோகிறது?

கேள்வி: பெங்களூர் பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் வாசகர், 8 நவம்பர் 2025

பேட்டரி செல் செய்ய அரசு 18,100 கோடி ரூபாய் ஒதுக்கி நாலு வருஷம் தாண்டிவிட்டது. இன்றைக்கும் பெங்களூரில் ஓடுகிற மின்சார ஸ்கூட்டரைப் பிரித்தால் உள்ளே பெரும்பாலும் வெளிநாட்டுச் செல்தான். இந்த மாதம் 3-ஆம் தேதி ஆராய்ச்சிக்கென்று ஒரு லட்சம் கோடி ரூபாய் நிதி வேறு தொடங்கியிருக்கிறார்கள். விஞ்ஞானிகளிடம் கொடுத்தால் கட்டுரையாகத்தான் வெளியே வரும். அதை நேரே தொழிற்சாலைக்காரர்களிடம் கொடுத்துவிட்டால் என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

9 நவம்பர், இரவு

இரண்டு வேறு பணத்தை ஒரே பையில் போட்டிருக்கிறீர்கள் அண்ணா. 18,100 கோடி ஆராய்ச்சிப் பணமே இல்லை. 2021 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த உற்பத்தி ஊக்கத்தொகை அது. இலக்கு 50 ஜிகாவாட் மணி செல் (ஒரு ஜிகாவாட் மணி என்றால் பத்து லட்சம் கிலோவாட் மணி). செல்லைச் செய்து விற்றுக் கணக்குக் காட்டினால்தான் பணம் வரும். உள்நாட்டில் சேர்க்கும் மதிப்பு இரண்டு வருஷத்துக்குள் 25 சதவீதம், ஐந்து வருஷத்துக்குள் 60 சதவீதம் என்று நிபந்தனையும் உண்டு. அதாவது நீங்கள் கேட்கிற 'நேரே தொழிற்சாலைக்கு' என்பதைத்தான் அரசு முதலில் செய்து பார்த்தது. 2022-இல் தேர்வான நிறுவனங்களில் ஒன்று ஒப்பந்தத்துக்கே வரவில்லை. மீந்துபோன பங்கில் 10 ஜிகாவாட் மணியை 2024-இல் மறுபடி ஏலம் விட்டு ரிலையன்ஸுக்குக் கொடுத்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 18,100 கோடியை 50 ஜிகாவாட் மணியால் வகுத்தால் ஒரு கிலோவாட் மணிக்கு 3,620 ரூபாய். சின்னத் தொகை இல்லை.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். காரைக்குடி சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில், பி.டெக். படித்தேன். பெங்களூருக்கு வந்து பதினேழு வருஷம். அதில் ஒன்பது வருஷம் அரசு நிதியில் நடந்த ஒரு செல் பைலட் லைனில், அதாவது சோதனை உற்பத்தி வரிசையில், வேலை. இடத்தின் பெயர் வேண்டாம். அங்கே நான் பார்த்தது இதுதான்: ஆய்வுக்கூடத்துக்குப் பணம் வருகிறது, பெரிய ஆலைக்கும் வருகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கிற பத்து கிலோ, நூறு கிலோ வேலைக்கு வருவதில்லை. வந்தாலும் வேளை தப்பி வருகிறது.

10 நவம்பர், காலை

நேற்றுப் போட்ட கணக்கு தப்பு. ஓசூரிலிருந்து ஒருவர் சுட்டிக்காட்டினார், அவர் சொன்னதுதான் சரி. 50 ஜிகாவாட் மணி என்பது ஒரு வருஷத்து உற்பத்தித் திறன். ஊக்கத்தொகை ஐந்து வருஷ விற்பனைக்கு. முழுத் திறனில் ஐந்து வருஷம் ஓடினால் 250 ஜிகாவாட் மணி. அப்படிப் பார்த்தால் கிலோவாட் மணிக்கு 724 ரூபாய்தான். 3,620 என்று யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்.

12 நவம்பர்

"அந்த நடுப்பகுதி என்கிறீர்களே, அது என்ன?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு புதுப் பொருளைச் சோதிக்கச் சட்டைப் பொத்தான் அளவில் செல் செய்வோம். அதற்குள் போகும் நேர்முனைத் தூள் சுமார் 10 மில்லிகிராம். ஒரு கிராம் தூள் இருந்தால் நூறு செல் வரும். ஒரு மாணவிக்கு ஆறு மாத வேலை, ஒரு நல்ல கட்டுரை.

இப்போது ஸ்கூட்டர். எல்.எஃப்.பி. என்கிற இரும்பு பாஸ்பேட் தூள் கிராமுக்கு ஏறக்குறைய அரை வாட் மணி கொடுக்கும். கிலோவாட் மணிக்கு இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூடத் தேவை. 3 கிலோவாட் மணி பேட்டரிக்கு ஆறு கிலோவுக்கு மேல். பொத்தான் செல்லைப்போல ஆறு லட்சம் மடங்கு. ஒரு ஜிகாவாட் மணி ஆலைக்கு இரண்டாயிரம் டன்னுக்கு மேல்.

தூள் கூடும்போது அளவு மட்டும் கூடுவதில்லை, அதன் குணமே மாறுகிறது. மாவு அரைப்பதை நினைத்துப் பாருங்கள். மிக்ஸியில் அரைத்த உளுந்தும் கிரைண்டரில் அரைத்த உளுந்தும் ஒன்றாகவா பொங்குகிறது? சூடு ஏறினால் மாவு வேறு. எங்கள் ஸ்லரியும், அதாவது தூளைக் கரைப்பானில் கலக்கிய கூழும், அப்படித்தான். 50 மில்லி கலக்கும்போது வழவழவென்று இருந்தது, ஐந்து லிட்டர் கலவையில் கட்டி தட்டியது. நாலு மாதம் போராடிய பிறகுதான் கலக்கும் வரிசையை மாற்ற வேண்டும் என்று புரிந்தது. எந்தக் கட்டுரையிலும் அது இல்லை. பிறகு அந்தக் கலவையை 15 மைக்ரான் அலுமினிய ஃபாயிலில் ஒரே சீராகப் பூச வேண்டும், உலர்த்த வேண்டும், உருளைகளுக்கு நடுவே அழுத்த வேண்டும். மைக்ரான் கணக்கில் பூச்சு ஏறி இறங்கினால் செல்லின் ஆயுள் போய்விடும்.

ஈரம்தான் பெரிய எதிரி. செல்லுக்குள் ஊற்றும் திரவத்தில் இருக்கிற லித்தியம் உப்பு தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு ஆகும், அது செல்லை உள்ளிருந்தே அரிக்கும். அதனால் பனிநிலை (காற்றில் இருக்கும் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரிக்குக் கீழே இருக்கும் டிரை ரூமில்தான் வேலை. ஒரு ஆள் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்கு 100 கிராம் அளவுக்கு ஈரம் விடுவார். ஆகவே உள்ளே நாலு பேர் என்றால் நாலே பேர்தான், ஐந்தாவது ஆள் வெளியே காத்திருக்க வேண்டும். அந்த அறையின் உலர்த்தி ராத்திரி பகல் ஓட வேண்டும். திட்டத்தில் உலர்த்தி வாங்கப் பணம் இருந்தது. அதை ஓட்டுகிற மின்கட்டணத்துக்குச் செலவுத் தலைப்பே இல்லை.

12 நவம்பர், சற்று நேரம் கழித்து

மாவு உதாரணத்துக்குச் சிவாஜிநகர் அக்கா ஒருவர், "அப்படியென்றால் உங்கள் லேபுக்கு என் மாமியாரை அனுப்புகிறேன், கையை விட்டே பதம் சொல்லிவிடுவார்" என்று எழுதியிருக்கிறார். படித்துச் சிரித்து முடியவில்லை. ஆனால் அக்கா, அந்தக் கைப்பதம்தான் எங்களுக்கு வேண்டியது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

16 நவம்பர், ஞாயிறு

மார்ச் மாதம் பற்றி எழுதாமல் இந்த விஷயம் முடியாது.

எங்கள் திட்டத்துக்கு ஒப்புதல் ஏப்ரலில் வந்தது. இயந்திரத் தவணை கைக்கு வந்தது ஜனவரி கடைசியில். மார்ச் 31-க்குள் செலவழித்துக் கணக்குக் காட்டாவிட்டால் மீதி திரும்பிப் போய்விடும். அடுத்த தவணைக்கு யூ.சி. கொடுக்க வேண்டும், அதாவது வந்த பணம் இன்னதற்குச் செலவானது என்ற சான்றிதழ். அது போய்ச் சேர்ந்து அடுத்த தவணை வர இன்னும் மாதங்கள். ஆக எங்கள் கையில் இருந்தது எட்டு வாரம். எட்டு வாரத்தில் டெண்டர் போட்டு எதை வாங்க முடியுமோ அதை வாங்கினோம், எது முதலில் வேண்டுமோ அதை அல்ல. கோட்டர், அதாவது ஃபாயிலில் பூசும் இயந்திரம், வந்தது. டிரை ரூம் உலர்த்தி அடுத்த வருஷத் தலைப்பில் இருந்தது. பதினாலு மாதம் அந்தக் கோட்டர் மரப்பெட்டியில் கிடந்தது. தினமும் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் என் மேசைக்குப் போவேன். பிரிக்கும்போது உத்தரவாதக் காலமும் முடிந்திருந்தது.

இன்னொன்று, எல்-1. தகுதி பெற்றவர்களில் குறைந்த விலை யார் சொன்னாரோ அவருக்கே ஆர்டர். ஸ்லரி பம்பு வாங்கினோம். எங்கள் கரைப்பான் என்.எம்.பி. என்ற திரவம். வைட்டான் ரப்பர் அதில் ஊறினால் உப்பிவிடும். டெண்டர் குறிப்பில் 'கரைப்பானைத் தாங்கும் சீல்' என்று மட்டும் எழுதியிருந்தோம், எந்த ரப்பர் என்று எழுதவில்லை. அது எங்கள் தவறு. மூன்றே வாரத்தில் சீல் உப்பி பம்பு நின்றது. அந்தச் சீலை மாற்ற மறுபடி மூன்று விலைப்புள்ளி, மறுபடி குழு. அதற்குள் இரண்டு மாதம்.

இங்கே ஒரு நல்ல சேதியும் சொல்ல வேண்டும். 2025 ஜூனில் நிதியமைச்சகம் இந்த விதிகளைத் தளர்த்தியது. ஆராய்ச்சிக்கு விலைப்புள்ளி இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் ஆனது. கொள்முதல் குழு மூலம் வாங்கும் வரம்பு 25 லட்சம் வரை உயர்ந்தது. 200 கோடி வரை உலக டெண்டர் விட இயக்குநரும் துணைவேந்தருமே அனுமதி கொடுக்கலாம். இதை எழுதும்போது எனக்கு நிஜமாகவே நெஞ்சு நிறைகிறது. எங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் அந்தப் பம்பு நாலு நாளில் ஓடியிருக்கும்.

17 நவம்பர்

சுருக்கமாக ஒரு திருத்தம். "ஆராய்ச்சிக்கு வரி விலக்கு உண்டே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2024 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் விலக்களித்தது ஆராய்ச்சி மானியத்துக்கு. கருவிகளின் கதை வேறு. பொது நிதியில் நடக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கு இருந்த 5 சதவீதச் சலுகை 2022 ஜூலையில் போனது, பெரும்பாலான கருவிகளுக்கு 18 சதவீதம் ஆனது. பழைய வரிக்குப் போட்ட மதிப்பீட்டில் புது வரி கட்டினால் எதையாவது வாங்காமல் விட வேண்டியதுதான். நாங்கள் ஒரு சோதனைக் கருவியை விட்டோம்.

23 நவம்பர்

காரைக்குடி பற்றிக் கேட்டவருக்கு.

1948 ஜூலை 25-இல் சிக்ரிக்கு நேரு அடிக்கல் நாட்டினார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அழகப்ப செட்டியார் கொடுத்தது. 1953-இல் திறந்தார்கள். ரொக்கத்தோடு நிலமும் வந்தது, கட்டடமும் ஆட்களும் வந்தார்கள். ஒரு ஊரின் கொடை அது. அந்த வளாகத்தில் நாலு வருஷம் இருந்தவள் என்பதால் எனக்கு இது வெறும் தகவல் இல்லை. வெயிலில் அங்கிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடந்த தூரம் இன்றும் காலில் இருக்கிறது.

நமக்கு அறிவுக் குறை கிடையாது. லித்தியம் பேட்டரிக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான குட்இனஃப் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றபோது ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் உரையாற்றியவர் ஆறுமுகம் மந்திரம். சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற நம்மவர். இங்கே ஜக்கூரில் ஜவாஹர்லால் நேரு மையத்தில் சோடியம் செல் பொருள்களில் வேலை நடக்கிறது, இந்திய அறிவியல் கழகத்திலும் நடக்கிறது.

2018-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஜூன் மாதம் இஸ்ரோ தன் லித்தியம் செல் நுட்பத்தை ஒரு கோடி ரூபாய்க்குத் தகுதியுள்ள எந்த நிறுவனத்துக்கும் தருவதாக அறிவித்தது. அதே மாதம் சிக்ரியும் ஒரு தனியார் நிறுவனத்தோடு நுட்ப ஒப்பந்தம் போட்டது, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை என்று பேச்சு. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் இனிப்பு வாங்கிச் சாப்பிட்டோம். ஆனால் ஒரு கோடி கொடுத்து வாங்குவது செய்முறைக் குறிப்பு. ராக்கெட்டுக்காகக் கொஞ்சமாகச் செய்த செல்லை, விலை குறைத்து, லட்சக்கணக்கில், ஒன்றுபோல் செய்ய அந்தக் குறிப்பைத் திரும்ப ஒரு முறை முழுதாகக் கற்க வேண்டும். அந்தக் கற்றலுக்குக் காசு கொடுப்பது யார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து சீனா சில வகை கிராஃபைட்டுக்கு ஏற்றுமதி உரிமம் கேட்கிறது. 2025 ஜூலையில் எல்.எஃப்.பி. நேர்முனை செய்யும் நுட்பத்தையே கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

25 நவம்பர்

பீன்யா அண்ணன் விடவில்லை: "அமெரிக்காக்காரன் தொழிற்சாலைக்கே கொடுத்தானே?"

கொடுத்தார்கள். ஏ-123 என்ற நிறுவனம். எம்.ஐ.டி. ஆய்வில் பிறந்தது, 2009-இல் அமெரிக்க எரிசக்தித் துறை 24.9 கோடி டாலர் மானியம் அறிவித்தது. 2012 அக்டோபரில் திவால். சீனாவின் வான்சியாங் வாங்கிக்கொண்டது. அதற்கு முன்பு நடந்ததுதான் எனக்கு முக்கியம். 2012 மார்ச்சில் மிச்சிகன் ஆலையில் செய்த செல்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. காரணம் வேதியியல் அல்ல. ஒரு வெல்டிங் இயந்திரத்தின் அளவு சரியாக வைக்கப்படவில்லை, அவ்வளவுதான். வாங்குவோரும் குறைவாக இருந்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் அத்தனை கோடிக்கு நடுவே அந்த வெல்டிங் இயந்திரத்தின் முன்னால் நின்றவரை நினைத்துக்கொள்கிறேன். நம் அண்ணனுக்கு இது என்னைவிட நன்றாகப் புரியும்.

2 டிசம்பர்

கைப்பதம் பற்றி எழுதுவதாகச் சொன்னேன்.

எங்கள் லைனில் ஒரு தம்பி இருந்தான். ஐ.டி.ஐ. ஃபிட்டர், வீடு தங்கவயலில். தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தினமும் விடியற்காலை ரயிலில் வருவான். முதல் ஆறு மாதம் வேடிக்கை பார்த்தான் என்றுதான் நினைத்தோம். பிறகு ஒரு நாள் கோட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது, "அக்கா, ஃபாயில் இழுவை குறையுது, சத்தம் வேற மாதிரி இருக்கு" என்றான். திரையில் எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. நிறுத்திப் பார்த்தால் ஒரு உருளையின் பேரிங் தேய்ந்திருந்தது. அன்று அவன் சொல்லாவிட்டால் நூறு மீட்டர் ஃபாயில் வீண். மூன்றாவது வருஷம் கழிவு பாதியாகக் குறைந்தது. அதில் அவன் பங்கு என் பங்கைவிடப் பெரிது, இதை எங்கும் சொல்வேன்.

அவன் வேலை திட்டத்தோடு கட்டியது. திட்டம் மூன்று வருஷம். நீட்டிப்புக்கு எழுதினோம், பதில் வர ஏழு மாதம். ஏழு மாதம் சம்பளமில்லாமல் எந்தக் குடும்பம் தாங்கும்? போய்விட்டான். நான் தடுக்கவில்லை. 2023-இல் ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகையை 31,000-லிருந்து 37,000 ஆக்கினார்கள், நல்லது, அவசியம். ஆனால் இயந்திரம் ஓட்டுகிற தம்பிக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. நீட்டிப்பு வந்தபோது புதிய பையனை எடுத்தோம். கழிவு பழையபடி ஏறியது. மூன்று வருஷப் பணம் யார் கையில் கற்றலாகச் சேர்ந்ததோ அந்தக் கையை நாமே வெளியே அனுப்பினோம். பத்து வருஷத்தில் என்னை மிகவும் வருத்திய விஷயம் இதுதான்.

3 டிசம்பர்

'பத்து வருஷம்' என்று எழுதிவிட்டேன், ஒன்பதுதான். அந்தத் தம்பி நன்றாக இருக்கிறான் என்று கேட்டவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஓசூர்ப் பக்கம் வேலையில் இருக்கிறான். தீபாவளிக்குப் பேசினான்.

7 டிசம்பர்

"குறை சொல்வது இருக்கட்டும், என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?" நியாயமான கேள்வி.

பிரிட்டன் 2017-இல் ஃபாரடே பேட்டரி திட்டம் தொடங்கியது. அதில் சுமார் 13 கோடி பவுண்டில் கோவென்ட்ரியில் ஒரு பொதுப் பைலட் ஆலை கட்டி 2021-இல் திறந்தார்கள். எந்த நிறுவனமும் கட்டணம் கட்டித் தன் தூளைக் கொண்டுவந்து நிஜ அளவு இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்கலாம். இயந்திரம் தெரிந்த நிரந்தர ஆட்கள் அங்கேயே இருக்கிறார்கள். அதைப்போல இங்கே ஒன்று வேண்டும் என்று போன வாரம் வரை அடித்துச் சொல்லியிருப்பேன்.

பிரிட்டனில் பேட்டரி ஆலை கட்டப் புறப்பட்ட பிரிட்டிஷ்வோல்ட் நிறுவனத்தை நினைவுபடுத்தி ஒருவர் எழுதினார். 2023 ஜனவரியில் அந்த நிறுவனம் சரிந்தது. அதே நாட்டில் பொது ஆலை இருந்தும் சரிந்தது. அவர் சொல்வதை ஒதுக்க முடியாது. பொது ஆலை இருந்தால் போதும் என்று இனிச் சொல்ல மாட்டேன். வாங்குவோர் வேண்டும், பொறுமையான முதலும் வேண்டும். ஆனால் பொது ஆலை இல்லாமல் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை என்பதில் என் எண்ணம் மாறவில்லை.

இப்போது அந்த ஒரு லட்சம் கோடிக்கு வருகிறேன். 2025 ஜூலை 1-இல் அமைச்சரவை ஒப்புதல் பெற்றது. ஆய்வுக்கூட நிரூபணம் தாண்டிய தனியார் முயற்சிகளுக்குக் குறைந்த வட்டியிலோ வட்டியில்லாமலோ நீண்ட காலக் கடன், சில இடங்களில் பங்கு முதலீடு. நடுப்பகுதி என்று நான் கத்துகிற இடத்துக்கே முதல் முறையாகப் பெயர் சொல்லி வருகிற பணம். வரவேற்கிறேன். ஆனால் கடன் என்றால் திருப்பிக் கட்ட வேண்டும். பத்து நிறுவனம் பொதுவாகப் பயன்படுத்தும் பைலட் லைன் லாபம் பார்க்காது, கடன் வாங்க முடியாது. அதற்கு மானியம்தான் வழி. மத்திய அரசின் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் மின்வாகனத் திட்டத்தில் நம் வெப்பத்துக்கு ஏற்ற பேட்டரியும் செல்லும் ஒரு பிரிவாக இருக்கிறது. அங்கே மூன்று விஷயம் எழுதிக் கொடுக்க ஆசை: ஓட்டுகிற மின்கட்டணத்துக்கு ஒரு தலைப்பு, இயந்திரம் ஓட்டுபவர்களுக்குப் பத்து வருஷ வேலை, மார்ச்சில் திரும்பிப் போகாத பணம். முதலில் மின்கட்டணம். டிரை ரூமை ஒரு மாதம் நிறுத்தினால் சுவரும் குழாயும் ஈரம் குடித்துவிடும், பழைய நிலைக்குக் கொண்டுவரவே நாள் கணக்கில் ஓட்ட வேண்டும்.

14 டிசம்பர்

பீன்யா அண்ணன் நேற்று எழுதியிருப்பதை எல்லோரும் படியுங்கள். கோட்டரின் பூசும் வாய், அந்த டை, இறக்குமதிதானே, அதைப் பட்டறையில் செய்ய முடியுமா, வரைபடம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். எங்கள் லைனில் ஒன்பது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி அது.

அண்ணா, எங்கள் வரைபடத்தைத் தர எனக்கு உரிமை இல்லை. ஆனால் தேவை என்ன என்று சொல்லலாம். 300 மில்லிமீட்டர் அகலம். துருப்பிடிக்காத எஃகு, இரண்டு பாதி. இரண்டு உதடும் முழு அகலத்துக்கும் இரண்டு மைக்ரானுக்குள் நேராக இருக்க வேண்டும். நடுவே வைக்கும் தகடு சில நூறு மைக்ரான். கிரைண்டிங் முடிந்ததும் கையால் லேப்பிங் செய்யாமல் அந்த அளவு வராது என்று நினைக்கிறேன், அது உங்களுக்குத்தான் தெரியும். போல்ட் முறுக்கும்போது உதடு வளையும், அதனால் பூட்டிய பிறகும் அளந்து பாருங்கள். அளக்க உங்களுக்குப் பக்கத்திலேயே துமகூரு சாலையில் சி.எம்.டி.ஐ., அதாவது மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம், இருக்கிறது.

முதல் துண்டு 50 மில்லிமீட்டர் அகலத்தில் போதும். அதைச் செய்துவிட்டுச் சொல்லுங்கள். தண்ணீரில் கரைத்த கார்பன் கலவையை வைத்து ஓட்டிப் பார்க்கலாம், அதற்கு டிரை ரூம் தேவையில்லை. தங்கவயல் தம்பியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறேன்.